பூனைக்கு நார் குடுக்குறது எப்படி: எது நொதிக்கும், எது நொதிக்காது, கக்கா டப்பால என்ன பாக்கணும்

எங்க வீட்டுல ரெண்டு பூனை, ஒண்ணு புட்டு, ஒண்ணு கடலை. சிங்கப்பூர்ல ஹெச்டிபி வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி, ரெண்டுக்கு மேல வச்சுக்கவும் முடியாது, 2024 செப்டம்பர் 1-ல இருந்து தான் ஹெச்டிபில பூனை வளர்க்க அனுமதியே வந்துச்சு, லைசென்ஸ், மைக்ரோசிப் எல்லாம் போட்டாச்சு. ரெண்டும் ஒரே வீடு ஒரே சாப்பாடு, ஆனா புட்டு மூணு நாளைக்கு ஒரு தடவ ஆட்டுப் புழுக்கை மாதிரி நாலு உருண்டை போடுவான், கடலை தினமும் ரெண்டு தடவ போவா, களி மாதிரி, அவ போயிட்டு வந்தா ஹால்ல உக்காந்திருக்கற நாங்க எழுந்து பால்கனி கதவ திறக்கணும்.

நான் என்ன பண்ணேன்னா, ரெண்டுக்கும் நார்ச்சத்து பத்தலன்னு முடிவு பண்ணி, ஒரே நாள்ல பரங்கிக்காய் மசியல், இசப்கோல், ஆன்லைன்ல வாங்கின இன்யூலின் பவுடர் (சிக்கரி வேர் நார்) மூணையும் கலந்து ரெண்டு தட்டுலயும் வச்சேன். அன்னிக்கு ராத்திரி கடலையோட வயித்துல இருந்து குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வரும்ல, அது கேட்டுச்சு, விடியக்காலை நாலு மணிக்கு சோஃபா கவர் வாஷிங் மெஷின்ல சுத்துது. புட்டுவுக்கோ ஒண்ணுமே ஆகல, இன்னும் இறுகிப் போச்சு. அப்போ தான் புரிஞ்சுது, நார்ங்கறது ஒரு பொருள் இல்ல, அது ஒரு கும்பல், ஒவ்வொண்ணும் பூனை வயித்துல வேற வேற வேலை பாக்குது. அதுக்கு அப்புறம் படிச்சது, வெட் (கால்நடை டாக்டர்) சொன்னது, டப்பாவ பாத்து பாத்து கத்துக்கிட்டது எல்லாத்தையும் சேத்து எழுதுறேன்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும், அது தெரியாம ஸ்பூன் கணக்கு மட்டும் எடுத்துட்டுப் போனீங்கன்னா என் சோஃபா கதி தான்.

பூனை சுத்தமான கறி தின்னி. குடலோட நீளம் உடம்பு நீளத்துக்கு சுமாரா 4 மடங்கு தான், ஆட்டுக்கு 25 மடங்குக்கு மேல போகும். நார பொடிக்கற என்சைம் பூனைகிட்ட சுத்தமா கிடையாது (நம்மகிட்டயும் கிடையாது, அது வேற விஷயம்). அதனால நார் அப்படியே வயிறு, சிறுகுடல் எல்லாம் தாண்டி பெருங்குடலுக்கு வந்து சேரும். பெருங்குடல்ங்கறது பூனைக்கு ஒரு அடி, ஒன்றரை அடி குழாய், அதோட ஆரம்பத்துல இருக்கற சீக்கம்ங்கற பை முயலுக்கெல்லாம் எவ்ளோ பெருசு, பூனைக்கு ஒரு கால்புள்ளி சைஸ்ல சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆனா அந்த சின்ன குழாய்க்குள்ள ஒரு கிராமுக்கு நூறு கோடி கணக்குல, சில நேரம் அதுக்கும் மேல பாக்டீரியா உக்காந்திருக்கு. காத்து கிடையாது, வெளிச்சம் கிடையாது, சூடு எப்பவும் 38, 39 டிகிரி. இட்லி மாவு வைக்கிறதுக்கு இதவிட நல்ல இடம் உலகத்துலயே கிடையாது.

சும்மா சொல்லல, மாவ வச்சே யோசிங்க. இங்க இருக்கற புழுக்கத்துல ராத்திரி அரைச்சு வச்சா காலைல பொங்கி அடுப்பு மேடையெல்லாம் வழியும், ஏன்னா பாக்டீரியா மாவுல இருக்கற சர்க்கரையத் தின்னு அமிலத்தையும் காத்தையும் விடுது. பெருங்குடல்லயும் அதே கதை தான். பாக்டீரியா நார வெட்டி சின்ன சின்ன சர்க்கரையா ஆக்கி தின்னும், வெளிய விடுறது ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு மாதிரி காத்து, அப்புறம் மூணு முக்கியமான அமிலம்: அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட். குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள்னு சொல்லுவாங்க. இந்த மூணும் தான் நமக்கு வேணும், நார் குடுக்கறதே இதுக்காக தான்னு கூட சொல்லலாம்.

பியூட்டிரேட் குடல் சுவர்ல இருக்கற செல்லுக்கு நேரடி சாப்பாடு. குடல் சுவர் நல்லா இருந்தா தான் உப்பும் தண்ணியும் சரியா உள்ள இழுக்கும், கக்கா உருண்டு திரண்டு வரும். அசிட்டேட் ரத்தத்துல கலந்து உடம்புக்குள்ள போயிடும், கொஞ்சம் எனர்ஜி. புரோப்பியோனேட் கொஞ்சம் சுவாரஸ்யமான ஆளு, பூனை எப்பவும் புரதத்தை உடைச்சு தான் சர்க்கரை தயாரிக்கும், அந்த வேலைக்கு புரோப்பியோனேட்டும் கச்சாப் பொருளா ஆகும்ங்கறதுக்கு அறிகுறி கிடைச்சதா பெல்ஜியத்துல கென்ட் பல்கலைக்கழகத்துக்காரங்க 2009-ல எழுதியிருக்காங்க, பூனைங்களுக்கு இன்யூலினும் அதோட குட்டி வடிவமான ஒலிகோஃப்ரக்டோஸும் குடுத்துப் பாத்தது அது. கறி தின்னி கூட தன் குடல்ல இருக்கற பாக்டீரியா விடுற அமிலத்தை வீணாக்கல பாருங்க.

இன்னொரு வேலையும் இந்த அமிலங்க பாக்குது. குடலோட புளிப்ப கூட்டுது, புளிப்பு கூடுனா சில கெட்ட பாக்டீரியாவுக்கு அங்க இருக்கப் பிடிக்காது, அம்மோனியாவும் ரத்தத்துக்குள்ள நழுவாம அம்மோனியமா மாறி கக்காவோடயே வெளிய போயிடும்.

சரி, நாத்தம் எங்கிருந்து வருது? இது தான் கடலையோட கேஸ். பாக்டீரியாவுக்கு முதல் சாய்ஸ் எப்பவும் சர்க்கரை தான். நார் தீர்ந்து போச்சுன்னா சும்மா இருக்காது, செரிக்காம வந்து சேந்த புரதத்தை தின்ன ஆரம்பிச்சிடும். அப்ப வர்றது அம்மோனியா, இண்டோல், ஸ்கேட்டோல், ஃபீனால், ஹைட்ரஜன் சல்ஃபைடு, பேரப் படிச்சாலே மூக்கப் பொத்தணும். பெருங்குடலோட முதல் பாதில நார் நொதிக்கும், கடைசி பாதில நார் காலியாகி புரதம் அழுகும், சுமாரா இப்படி வச்சுக்கலாம். அதனால தான் நார் எவ்வளவுங்கறதவிட அது எவ்வளவு வேகமா நொதிக்குதுங்கறது முக்கியம். ரொம்ப வேகமா நொதிக்கறது வாசல்லயே தீர்ந்துடும், காத்து மட்டும் மிஞ்சும். மெதுவா நொதிக்கறது கடைசி வரைக்கும் கூட வரும்.

இதுல ஒரு எச்சரிக்கை, நாத்தம் அடிக்குதுன்னாலே நார் பத்தலன்னு அர்த்தம் இல்ல. சாப்பாட்டுல இருக்கற புரதமே சரியா செரிக்காத ரகமா இருந்தா அது மொத்தமா கீழ இறங்கி வந்து அழுகும், அங்க நார் போட்டு மறைக்கறதுக்கு பதிலா சாப்பாட்ட மாத்துங்க. கடலைக்கு பாதி பிரச்சனை அது தான், பிராண்ட மாத்துன ரெண்டாவது வாரமே பால்கனி கதவு மூடிடுச்சு.

எந்த நார் என்ன பண்ணும்

செல்லுலோஸ்ல ஆரம்பிக்கிறேன். பாக்கெட்ல "பவுடர்ட் செல்லுலோஸ்"னு போட்டிருக்கும், ஹேர்பால் (பூனை நக்கி முழுங்கற முடி உருண்டை) சாப்பாடு, டயட் சாப்பாடு பலதுலயும் இருக்கும். 1995-ல ஒரு ஆய்வு வந்துச்சு, பூனை, நாய், குதிரை, பன்னி, மனுஷன் இவங்க கழிவுல இருந்தும் மாட்டு இரைப்பைல இருந்தும் பாக்டீரியா எடுத்து குடுவைல வச்சு ஒவ்வொரு நாரா போட்டுப் பாத்தாங்க. பூனை பாக்டீரியா செல்லுலோஸ கிட்டத்தட்ட தொடவே இல்ல, பீட் பல்ப்ப (சர்க்கரை பீட்ரூட் சக்கை) நடுத்தரமா நொதிச்சுது, எலுமிச்சை ஆரஞ்சு தோல்ல இருந்து எடுக்கற பெக்டின சட்டுன்னு முடிச்சுது. மாடு வைக்கோல தின்னு பாலாக்கும், நம்ம பூனைக்கு வைக்கோல் வைக்கோல் தான். மாவு கணக்குல சொன்னா செல்லுலோஸ் உமி மாதிரி, மாவுல உமிய கொட்டுனா புளிக்காது, அளவு மட்டும் கூடும். அது தப்புன்னு சொல்லல, அளவு கூடுறது சில நேரம் வேணும், முடிய தள்ளிட்டுப் போகும், குண்டு பூனைக்கு வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும். ஆனா பியூட்டிரேட் கேட்டு செல்லுலோஸ் போட்டா கிடைக்காது.

அதுக்கு நேர் எதிர் இன்யூலின், எஃப்ஓஎஸ் (அந்த ஒலிகோஃப்ரக்டோஸ் குடும்பம்), பெக்டின், குவார் கம் (கொத்தவரை விதைப் பசை) கூட்டம். இன்யூலின் பெரும்பாலும் சிக்கரி வேர்ல இருந்து வருது, ஆமா காப்பில கலப்பாங்களே அதே சிக்கரி. இது மாவுல சர்க்கரை போட்ட மாதிரி, படபடன்னு நொதிக்கும். கொஞ்சூண்டு போதும், கூடுனா காத்து, உருட்டல், தண்ணியா போறது. நான் குடுத்த பவுடர் பாக்கெட்ல ஒரு டீஸ்பூன்னு போட்டிருந்துச்சு, அது மனுஷனுக்கு, நான் 4 கிலோ பூனைக்கு அரை டீஸ்பூன் போட்டேன், இப்ப நினைச்சா எனக்கே சிரிப்பு வருது. இந்த வகை பாக்டீரியாவுல பைஃபிடோ மாதிரி ஆளுங்களுக்கு ரொம்ப புடிக்கும், அதுங்க லாக்டேட்டும் அசிட்டேட்டும் விடும், அந்த லாக்டேட்ட வேற பாக்டீரியா வாங்கி பியூட்டிரேட் ஆக்கும். ஒருத்தர் எச்சில்ல இன்னொருத்தர் பொழைக்கறாங்க.

இன்யூலின் பூண்டுலயும் வெங்காயத்துலயும் கூட நிறைய இருக்கு, அதனால யாராவது "நேச்சுரலா குடுங்களேன்"னு சொல்லுவாங்க, தயவுசெஞ்சு கேக்காதீங்க. வெங்காயம், பூண்டு ரெண்டும் பூனை ரத்தத்துல சிவப்பணுவ உடைச்சிடும், பொடியா இருந்தாலும் சாம்பார்ல வெந்திருந்தாலும் அதே தான். நம்ம வீட்டுக் குழம்பு எதையும் பூனைக்கு ஊத்த வேணாம்.

நடுவுல நிக்கறது பீட் பல்ப், சர்க்கரை பீட்ரூட்ல சாறு எடுத்த அப்புறம் மிச்சம் இருக்கற சக்கை. கொஞ்சம் நொதிக்கும், கொஞ்சம் அப்படியே சக்கையா நின்னு கக்காவுக்கு உருவம் குடுக்கும், அதனால தான் இத்தனை வருஷமா பூனை சாப்பாடு பண்றவங்க இத விடாம வச்சிருக்காங்க. எனக்கு தனிப்பட்ட முறைல இது தான் புடிச்சது, ஆனா தனியா வாங்கி போடறத விட அது இருக்கற சாப்பாடா பாத்து வாங்கறது சுலபம்.

இசப்கோல், அதாவது சைலியம் உமி, இது தனி ஜாதி. ஒரு சின்ன சோதனை பண்ணுங்க, சின்ன கண்ணாடி டம்ளர்ல கால் டீஸ்பூன் உமி போட்டு அஞ்சு டீஸ்பூன் தண்ணி ஊத்தி கலக்கிட்டு கோப்பி போட்டு எடுத்துட்டு வாங்க. திரும்ப வந்து டம்ளர சாச்சீங்கன்னா தண்ணி முன்ன மாதிரி ஓடாது, கஞ்சி மாதிரி கனமா நகரும், ஸ்பூன விட்டா வழவழன்னு கூடவே இழுத்துட்டு வரும். வயித்துலயும் அது தான் நடக்குது, தண்ணிய தன்னோட புடிச்சு வச்சுக்கும், கொஞ்சமா மெதுவா தான் நொதிக்கும், அதனால காத்து தொல்லை கம்மி, புழுக்கைய மென்மையாக்கும். பிரான்ஸ்ல 2011-ல மலச்சிக்கல் பூனைங்களுக்கு சைலியம் சேத்த ட்ரை ஃபுட் குடுத்துப் பாத்தப்ப பெரும்பாலானதுக்கு கக்கா மென்மையாச்சு, ஆனா ஒப்பிட்டுப் பாக்க வேற குழு வைக்கல, அதையும் சேத்து தான் சொல்லணும். புட்டுவ காப்பாத்துனது இது தான்.

பரங்கிக்காய் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா எல்லாரும் முதல்ல சொல்றது அது தான். மஞ்சள் பூசணிய வேக வச்சா 100 கிராம்ல நார் 1 கிராம் பக்கம் தான், மிச்சமெல்லாம் தண்ணி. ஒரு டீஸ்பூன் மசியல்ல 0.05 கிராம் வரும். இசப்கோல்ல அரைக்கால் டீஸ்பூன்ல வர்ற நார பரங்கிக்காய்ல எடுக்கணும்னா நாலு டீஸ்பூனாவது ஊட்டணும், எந்த பூனை சாப்பிடும் சொல்லுங்க? கெடுதல் இல்ல, தண்ணி உள்ள போகுதுன்னு வேணா வைங்க. ஆனா பரங்கிக்காய் குடுத்தேன் ஒண்ணும் ஆகல, அதனால நார் வேலை செய்யாதுன்னு முடிவு கட்டாதீங்க.

கடைசியா ஒண்ணு, இது செடியில இருந்து வர்றதே இல்ல. காட்டுப் பூனை எலிய புடிச்சா தோல், முடி, நரம்பு, குருத்தெலும்பு எல்லாத்தையும் முழுங்கும், அதுல ஒரு பகுதி செரிக்காம பெருங்குடலுக்கு வந்து நார் மாதிரியே நடந்துக்கும். அதே கென்ட் ஆளுங்க சிவிங்கிப்புலிகளுக்கு (சீட்டா) வெறும் மாட்டுக்கறியும் முழு முயலும் மாத்தி மாத்தி குடுத்துப் பாத்தாங்க, முழு முயல் தின்னப்ப கழிவுல இண்டோல், ஃபீனால் எல்லாம் கம்மி. குருத்தெலும்பு, கொலாஜன் நல்லா நொதிக்குது, முடி அவ்வளவா நொதிக்கறது இல்ல, உமி மாதிரி தான். அதனால எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறிய மட்டும் வேக வச்சு போடறவங்க யோசிங்க, பூனைக்கு அது முழு சாப்பாடே இல்ல. இதுக்காக வீட்டுப் பல்லிய புடிச்சுத் திங்கட்டும்னு விட்டுடாதீங்க, பல்லில இருந்து பூனைக்கு ஈரல் புழு வரும், நம்ம ஊரு மாதிரி சூடான இடத்துல அது நிஜமாவே இருக்கு.

பாக்கெட்ட படிக்கிறது

பாக்கெட் பின்னாடி "க்ரூட் ஃபைபர்"னு ஒரு நம்பர் இருக்கும். அத நம்பி ஏமாறாதீங்க. அது 19-ம் நூற்றாண்டுல ஜெர்மனில மாட்டுத் தீவனத்துக்குக் கண்டுபுடிச்ச முறை, சாப்பாட்ட அமிலத்துலயும் காரத்துலயும் கொதிக்க வச்சு மிஞ்சறத எடை போடுறது. செல்லுலோஸ் மிஞ்சும், ஆனா இன்யூலின், பெக்டின், கம் எல்லாம் கரைஞ்சு போயிடும். அதாவது பாக்டீரியாவுக்கு எது பிரியாணியோ அது அந்த நம்பர்லயே வராது. அதனால நம்பர விட்டுட்டு பொருள் பட்டியல படிங்க, செல்லுலோஸ் இருக்கா, பீட் பல்ப் இருக்கா, சிக்கரி, எஃப்ஓஎஸ், சைலியம் இருக்கான்னு.

அப்புறம் வெட் ஃபுட்டையும் (ஈரமான டின் சாப்பாடு) ட்ரை ஃபுட்டையும் அப்படியே ஒப்பிடாதீங்க, தண்ணிய கழிச்சுட்டுப் பாக்கணும். டின்ல நார் 0.5 சதவீதம், ஈரம் 80 சதவீதம்னா, காஞ்ச பொருள் 20, 0.5-ஐ 20-ஆல வகுத்து 100-ஆல பெருக்குங்க, 2.5 சதவீதம் வரும். ட்ரை ஃபுட்ல நார் 3, ஈரம் 10-னா 3-ஐ 90-ஆல வகுத்தா 3.3 சதவீதம். பாக்க ஆறு மடங்கு வித்தியாசம் மாதிரி தெரிஞ்சது, கணக்கு போட்டா பக்கத்து பக்கத்துல வந்து நிக்குது.

குடுக்கிற முறை

முதல் வாரம் ஒண்ணுமே குடுக்காதீங்க. நிஜமா. இப்ப என்ன நிலைமைன்னு தெரியாம மாத்துனா எது வேலை செஞ்சுதுன்னு எப்படி தெரியும்? ரெண்டு பூனை இருக்கற வீட்டுல முதல் சிக்கல், எது யாரோட கக்கா. நான் ராத்திரி புட்டுவ சின்ன ரூம்ல தனி டப்பா, தண்ணியோட விட்டு கதவ சாத்திடுவேன், கடலைக்கு வெளிய ஒரு டப்பா. காலைல ஃபோட்டோ, தேதி, 1-ல இருந்து 7 வரைக்கும் ஒரு மார்க், 1-னா கல்லு மாதிரி, 7-னா தண்ணி, 2 ஆசைப்படற நிலைமை, அதாவது உருவம் கலையாம, எடுத்தா மண்ணுல லேசா ஈரம் ஒட்டற மாதிரி. என் ஃபோன்ல குழந்தை ஃபோட்டோவவிட இது தான் அதிகம்னு வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். டப்பால மண்ணுக்கு பதிலா பைன் மரத்தூள் லிட்டர் யூஸ் பண்றவங்களுக்கு ஒரு கஷ்டம், மரத்தூள் மேல ஒட்டி ஈரம் தெரியாது, சோதனை நடக்கற வாரம் மட்டும் வேற போட்டுப் பாருங்க.

ரெண்டாவது வாரத்துல ஒரே ஒரு நார், ஒரே ஒரு மாற்றம். இறுகலா போற பூனைக்கு இசப்கோல். நம்ம லிட்டில் இந்தியா பக்கம் தேக்கால மளிகைக் கடைங்கள்லயும், முஸ்தபா கடைலயும் கிடைக்கும், சாதா உமி மட்டும் வாங்குங்க, ஆரஞ்சு ஃப்ளேவர் போட்டது, இனிப்பு சேத்தது, சென்னா மாதிரி பேதி மருந்து கலந்தது வேணாம். 4 கிலோ பூனைக்கு ஒரு வேளைக்கு அரைக்கால் டீஸ்பூன்ல ஆரம்பிங்க, மூணு டீஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணில அஞ்சு நிமிஷம் ஊற விட்டு வெட் ஃபுட்ல கலந்துடுங்க. காஞ்ச உமிய ட்ரை ஃபுட் மேல தூவவே கூடாது, தண்ணி இல்லாம போனா உள்ள இருக்கற தண்ணியையும் உறிஞ்சி அடைச்சுக்கும், புட்டு முதல் நாள் இன்னும் இறுகுனது அதனால தான். மூணு நாலு நாள் பாத்துட்டு மாற்றம் இல்லன்னா கால் டீஸ்பூன், அதுக்கு மேல வெட்கிட்ட கேட்டுட்டு. வேற மாத்திரை சாப்பிடற பூனைன்னா ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க, ஜெல் மருந்தையும் புடிச்சு வச்சுக்கும்.

களியா போற பூனைக்கு வேற வழி. முதல்ல சாப்பாடு, நான் முன்னாடி சொன்ன மாதிரி. 7-ல இருந்து 10 நாள் எடுத்து பழசுல புதுச கலந்து கலந்து மாத்துங்க, ஒரே நாள்ல மாத்துனா பாக்டீரியா கூட்டத்துக்கு வேலை தெரியாது, முழிக்கும். அதுக்கு அப்புறமும் களின்னா பீட் பல்ப் இருக்கற சாப்பாடு, இல்லன்னா இதே இசப்கோல் கொஞ்சமா, ஏன்னா அந்த ஜெல் மிச்சத் தண்ணியையும் புடிச்சுக்கும், இறுகலுக்கும் இளகலுக்கும் ரெண்டுக்கும் ஆகற ஒரே ஆள் அது தான். இன்யூலின் வேணும்னே தோணுச்சுன்னா கத்தி முனைல எடுக்கற அளவு, வயித்துல உருட்டல் கேட்டா நிறுத்திடுங்க.

உமி கலந்த சாப்பாடு அரை மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்க வேணாம், இந்த சூட்டுல தட்டுலயே நொதிக்க ஆரம்பிச்சிடும், அது நமக்கு வேண்டிய இடம் இல்ல. தண்ணி ரொம்ப முக்கியம், பூனைக்கு ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50 மில்லி பக்கம் வேணும், 4 கிலோன்னா 200 மில்லி, சாப்பாட்டுல இருக்கறதும் அதுல சேத்தி. ட்ரை ஃபுட் மட்டும் தின்னுட்டு ஏர்கான் ரூம்ல நாள் பூரா தூங்கற பூனைக்கு நார கூட்டறதுக்கு முன்னாடி தண்ணிய கூட்டுங்க, சில பூனைக்கு அதுலயே சரியாகிடும்.

எவ்வளவு நாள் பாக்கணும்? சாப்பிட்டது வெளிய வர ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகும், அதனால கக்காவோட உருவம் ரெண்டு மூணு நாள்ல மாறும். ஆனா உள்ள இருக்கற பாக்டீரியா கூட்டம் மாறி செட்டில் ஆக சில வாரம் வேணும், நிறுத்துனா பழைய கூட்டம் திரும்பிடும். மூணாவது நாளே வேலை செய்யலன்னு அடுத்த பவுடருக்குத் தாவாதீங்க.

போன வருஷம் அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தாங்க, நான் உமி ஊற வைக்கறத பாத்துட்டு "ஏன்டி, பூனைக்கு ஒரு கிண்ணம் பால் ஊத்தாம மருந்து கலக்கிட்டு உக்காந்திருக்க"ன்னு கேட்டாங்க. நான் வேலைக்குப் போனதும் ஊத்தியும் இருக்காங்க. அன்னிக்கு சாயங்காலம் கடலை என்ன பண்ணான்னு அம்மாவே துடைச்சாங்க. வளர்ந்த பூனைங்க பலதுக்கு பால் சர்க்கரைய உடைக்கற லாக்டேஸ் ரொம்ப கம்மி, அதனால பால் சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்கு வந்து, தண்ணிய இழுத்து, கடகடன்னு நொதிச்சு பேதியாகிடும். "நொதிக்கறது நல்லதுன்னு தானே சொன்ன"ன்னு அம்மா மடக்குனாங்க. நல்லது தான், வேகம் தான் பிரச்சனைன்னேன். "நேத்து மாவு மாதிரியா"ன்னாங்க. அதே தான்.

எப்ப நார் கூடாது

ஆண் பூனை டப்பால போய் போய் உக்காந்து முக்குது, ஒண்ணும் வரலன்னா மலச்சிக்கல்னு நினைச்சு உமி கலக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. முதல்ல ஒண்ணுக்குப் போகுதான்னு பாருங்க. மூத்திரக் குழாய் அடைச்சிருந்தா அது மணிக்கணக்குல உயிருக்கே ஆபத்து, ராத்திரி ரெண்டு மணியானாலும் அவசர கிளினிக்குக்கு ஓடணும். வெளிய பாக்க ரெண்டும் ஒரே மாதிரி தான் இருக்கும்.

ரொம்ப நாளா சிக்கல் இருந்து பெருங்குடல் விரிஞ்சு தளர்ந்து போன பூனைக்கு மெகாகோலன்னு சொல்லுவாங்க, அந்த குடலுக்கு தள்ளற சக்தியே இல்ல, அங்க உமிய கொட்டுனா லிஃப்ட் ரிப்பேர்ல இருக்கும்போது இன்னும் நாலு பேர உள்ள ஏத்தற மாதிரி. அதுக்கு கழிவு கம்மியா வர்ற சாப்பாடு தான் குடுப்பாங்க. வாந்தி, ரத்தம், எடை குறையறது, இதெல்லாம் இருந்தாலும் நார ஓரமா வச்சுட்டு வெட்ட பாருங்க. நார் கலந்ததால சாப்பாட்டையே தொடலன்னா உடனே எடுத்துடுங்க, பூனை ஒரு நாள் முழுக்க பட்டினி கிடந்தாலே கவலைப்படணும், குண்டு பூனைக்கு ஈரல்ல கொழுப்பு சேந்து படுத்துடும். சிறுநீரகம் பலவீனமான பூனைக்கு நீங்களா எதுவும் சேக்காதீங்க, அதுங்களுக்குன்னு வர்ற சில சாப்பாட்டுல நொதிக்கிற நார் ஏற்கனவே கணக்கு பண்ணி போட்டிருப்பாங்க.

வெட்கிட்ட போகும்போது அந்த ஃபோட்டோ எல்லாத்தையும் காட்டுங்க, கூச்சப்படாதீங்க, அவங்களுக்கு அது தான் தங்கம். சாம்பிள் கேட்டா அன்னிக்குப் போட்ட புதுச எடுத்து மூடி போட்ட டப்பால வச்சு, உடனே போக முடியலன்னா ஃப்ரிட்ஜ்ல வைங்க, வெளிய வச்சா பாக்டீரியா தன் வேலைய நிறுத்தாது. டப்பா மேல பெருசா எழுதி ஒட்டுங்க. நான் எழுதல, இட்லி மாவு டப்பாவுக்குப் பக்கத்துல வச்சிருந்தேன், அம்மா மூடிய திறந்துட்டாங்க.